கடுகு எண்ணெயைக் கைது செய்தவள்

நான் ஒரு சமையல் எண்ணெயைக் கைது செய்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் அப்பா சொல்லிவிடுவார், இன்னும் நாலு பொய் சேர்த்து.

அப்போது நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் ஆபீசராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. (பெயர்தான் ஆபீசர். வேலை என்னவோ தீயணைப்பு சிலிண்டருக்கு முன்னால் யாராவது அட்டைப்பெட்டி வைத்தால் கத்துவது.) எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர், பாதுகாப்பு விதிகளைச் சோதிக்க அனுப்பும் ஆடிட்டர் மறுநாள் வருவதாக இருந்தது. ஆடிட் நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அப்பாவோ நாங்கள் குடியிருக்கும் ராயபுரம் முழுக்க என் மகள் ஆபீசர் என்று ஏற்கனவே சொல்லி முடித்திருந்தார்.

அந்தப் பதற்றத்தில் கம்பெனி ஹாஸ்டலைச் சுற்றிப் பார்க்கப் போனேன். மெஸ் மூலையில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று நின்றது. ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் பிகாஷும் அவர் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு வைத்திருந்த கடுகு எண்ணெய். எங்கள் வீட்டில் கடுகு என்பது எண்ணெயில் போடும் பொருள். அதிலிருந்தே எண்ணெய் வரும் என்பது எனக்கு முழங்கால் வலித் தைலக் கடையில் பார்த்து மட்டும்தான் தெரியும். உடனே போனை எடுத்துத் தேடினேன். அதில் எரூசிக் அமிலம் இருக்கிறதாம், இதயத்துக்கு ஆகாது என்று சந்தேகமாம், சில வெளிநாடுகளில் சாப்பிட என்று சொல்லி விற்கவே கூடாதாம். அதற்குக் கீழே இன்னும் நிறைய எழுதியிருந்தது. நான் அதற்குக் கீழே படிக்கவில்லை.

"இதைச் சாப்பிடக் கூடாதுங்க, உடம்புக்கு விஷம்," என்றேன்.

பிகாஷ் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "மேடம், எங்க அம்மா இதுலதான் சமைக்கும். அம்மா விஷம் வைக்குமா?"

பதில் தெரியாதபோது அதிகாரம் செய்வது அந்த வயதில் என் வழக்கம். கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேனேஜர் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அவங்க ஊட்டு எண்ணெய் நமக்கு எதுக்கு? கொண்டு போய்க் குடுத்துரு," என்றார். நான் கேட்டால்தானே. கெமிக்கல் ரூமில், துணிக்கறை எடுக்கும் திரவத்துக்குப் பக்கத்தில், சிந்தினால் பிடிக்கக் கீழே ஒரு தட்டு வைத்து அதை நிறுத்தினேன். எங்கள் கம்பெனியில் கெமிக்கல் என்றால் பாதுகாப்புத் தாள் ஒட்ட வேண்டும். அதையும் விடவில்லை. கறை திரவத்தின் தாளை அப்படியே காப்பி அடித்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டினேன். கடுகு எண்ணெய். அபாயம். கையுறை அணியவும். தவறி விழுங்கினால் உடனே மருத்துவரை அணுகவும்.

மறுநாள் வந்த ஆடிட்டர் கொல்கத்தாக்காரர்.

ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாள் கெமிக்கல் ரூமில் என் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு இது எந்த மெஷினுக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓவர்லாக்," என்றேன். (அந்தத் தையல் மெஷின் என்னை மன்னிக்கட்டும்.)

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். நான் முதலுதவிப் பெட்டி எங்கே என்று பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல செக்கு எண்ணெய், என் வீட்டில் தினமும் இதுதான் என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சந்தேகங்கள் எல்லாம் இருப்பவைதான், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம், ஆனால் இந்த ஊர் மளிகைக் கடையில் இது சமையல் எண்ணெயாகத்தான் விற்கிறது, தொழிலாளியின் சாப்பாட்டைப் பிடுங்கிக் கெமிக்கலோடு வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். மதியத்துக்குள் புது எண்ணெய் வாங்கிக் கொடுத்து, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, நானே அதில் சமைத்தால் குறையை எழுத மாட்டேன் என்றார். என் வேலை ஒரு வாணலியில் வந்து நின்றது.

பிகாஷிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அம்மாவைப் பற்றி அல்லவா பேசியிருந்தேன். அவர், புது எண்ணெயோடு நான் வாங்கி வந்த மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்.

எண்ணெய் காய்ந்தது. லேசாகப் புகை வந்ததும் அடுப்பை அணைத்தேன். பிகாஷ் பற்ற வைத்தார். "புகை வரணும் மேடம். அப்பதான் காரம் போகும்." மறுபடி அணைத்தேன், மறுபடி பற்ற வைத்தார். மூன்றாம் தடவை, சரி, இந்த எண்ணெயை எப்படிக் காய்ச்சுவது என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதுபோல் தீயை முழுசாகக் கூட்டிவிட்டு வெங்காயம் எடுக்கத் திரும்பினேன். கண்ணெல்லாம் எரிந்தது. புகை மெஸ்ஸைத் தாண்டி, ஹாஸ்டலையும் கம்பெனியையும் இணைக்கும் காரிடாருக்குப் போனது. அங்கே நானே நச்சரித்து மாட்ட வைத்த புகை அலாரம் இருந்தது.

அது அலறியது. முந்நூறு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு வரிசையாக வெளியே போய், தீப்பிடித்தால் கூட வேண்டிய அசெம்பிளி பாயிண்டில் நின்றார்கள். லைன் சூப்பர்வைசர்கள் தலை எண்ணினார்கள். ஆடிட்டர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முன்னறிவிப்பில்லாத தீ ஒத்திகை, மிக நன்று என்று எழுதிக்கொண்டார். உள்ளே கடைசியாக மாட்டியிருந்தது நான் ஒருத்திதான். பிகாஷ் திரும்பி வந்து அடுப்பை அணைத்து, கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

வேலை நிரந்தரமானது. அன்று மீனில் முதல் துண்டை பிகாஷ் என் தட்டில்தான் வைத்தார். மூக்கில் ஏறியது, ஆனாலும் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினேன்.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. அன்றிலிருந்து அம்மா தாளித்தால் போதும், அப்பா காபி டம்ளரோடு தெருவில் போய் நின்றுகொண்டு, "எல்லாரும் வந்தாச்சுங்களா?" என்று தலை எண்ணுவார். இப்போது என் கணவரும் கூடப் போய் நிற்கிறார். என் மூன்று வயது மகள் இதை விளையாட்டு என்று நினைக்கவில்லை, ஊர் வழக்கம் என்றே நினைத்திருக்கிறாள்.

போன வாரம் அவளுடைய பிளே ஸ்கூலிலிருந்து மிஸ் போன் செய்தார். "ஏனுங்க, ஆயாம்மா சாம்பார் தாளிச்சாங்க. உங்க பாப்பா பதினொரு கொழந்தைகளையும் கூட்டிட்டுப் போய் கேட் கிட்ட வரிசையா நிக்க வெச்சுட்டாங்க. நானும் ஓடிப் போனனுங்க. தலை எண்ணி முடிச்சாச்சு, மிஸ் லேட்டுன்னு சொல்லி என்னைய வரிசைக்குள்ளயே விட மாட்டேங்கறாங்க."