தலைமறைவான கிருமி

எடைக்கற்களைச் சரிபார்த்து முத்திரையிடும் அந்த அலுவலகத்தின் பெயரைக் கேட்டாலே கடைக்காரர்களுக்குக் குலை நடுங்கும். அத்தனை கறாரான இடத்தில், முத்திரை எழுத்தரைப் படிக்கட்டுக்கு அடியில் உட்கார வைத்திருந்தார்கள்.

அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. மாத்திரை வாங்கப் போக அனுமதி கேட்டபோது தலைமை எழுத்தரிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னார். தலைமை எழுத்தர் ரகசியம் காப்பதில் பேர்போனவர். ஒவ்வொருவரிடமும் "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லித்தான் சொன்னார். மறுநாளே, மின்விசிறிக்குக் கீழே இருந்த மேசை "நிர்வாக நலன் கருதி" படிக்கட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. எழுந்தால் தலை இடிக்கும். தலை வலியைவிட அவமானம்தான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் சிரித்த முகத்தோடு அதிகாரி முன் வந்து நின்றார்.

"சார், நல்ல சேதி. ரத்தப் பரிசோதனையில கிருமியைக் கண்டறிய முடியலைன்னு சொல்லிட்டாங்க. என் பழைய இடத்தைக் குடுத்துடுங்க."

அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "கண்டறிய முடியலையா? அப்போ எங்க போச்சு?"

"எங்கயும் போகல சார்..."

"உங்ககிட்ட இருந்தது இப்போ உங்ககிட்ட இல்ல. நீங்களோ ஆபீசை விட்டா வீடு, வீட்டை விட்டா ஆபீஸ். அப்போ அது இங்கதான்யா சுத்திட்டு இருக்கு!"

உடனே "தலைமறைவான கிருமியைத் தேடும் குழு" அமைக்கப்பட்டது. குழு அலமாரிக்குப் பின்னால் பார்த்தது. கரப்பான் பூச்சிகள் அகப்பட்டன. விசாரணைக்குப் பின் அவை விடுவிக்கப்பட்டன. கதவுக் கைப்பிடியைத் தொட யாரும் முன்வராததால் உள்ளே இருந்தவர்கள் உள்ளேயும், வெளியே இருந்தவர்கள் வெளியேயும் அரை நாள் நின்றார்கள். அலுவலகப் பணியில் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

"பழகின ஆள் கூப்பிட்டா வரும் சார்" என்றார் தலைமை எழுத்தர். "அவரையே கூப்பிடச் சொல்லலாம்."

"எப்படிக் கூப்பிடறது?" என்றார் முத்திரை எழுத்தர், நொந்துபோய்.

"மரியாதையாக் கூப்பிடுங்க. கோவிச்சுக்கப் போகுது."

அதற்குமேல் பொறுக்க முடியாமல், மறுநாள் அவர் தன் டாக்டரம்மாவையே அழைத்து வந்துவிட்டார். ஏதோ கடையில் பறிமுதல் செய்த கடுகும் தராசும் அதிகாரியின் மேசைமேல் இருந்தன. டாக்டரம்மா ஒரே ஒரு கடுகைத் தட்டில் போட்டார். முள் அசையவில்லை.

"கடுகு ஓடிப்போச்சா?"

"தராசுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார் அதிகாரி. தராசு அவர் துறையாயிற்றே!

"அதேதான். இவர் தினமும் மாத்திரை போடறார். கிருமி பரிசோதனைக்கே தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கு. மாத்திரையை விட்டா மறுபடி கிளம்பும். விடாம போட்டு இப்படியே அடக்கி வச்சிருந்தா, உடலுறவு மூலமாக்கூட பரவாது. நாற்காலி, கோப்பை, கைப்பிடி மூலமா எப்பவுமே பரவினது கிடையாது."

"எய்ட்ஸ்ங்கறாங்களே?" என்று இழுத்தார் தலைமை எழுத்தர்.

"கவனிக்காம விட்டா எதிர்ப்புச் சக்தியைக் கிருமி தின்னு தீர்த்துடும். அந்த முத்தின கட்டம்தான் எய்ட்ஸ். மாத்திரை ஒழுங்காப் போட்டா இவர் அந்தப் பக்கமே போகமாட்டார்."

அதிகாரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அப்பாடா! ஆக, எங்க யாருக்கும் ஒண்ணுமில்ல!"

"அதை நான் சொல்லலையே" என்றார் டாக்டரம்மா. "இவர் கிருமி எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்க கதை யாருக்குத் தெரியும்? பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருத்தருக்குப் போட்ட ஊசியையே இன்னொருத்தருக்கும் போடறதுன்னு அது வர்ற வழி வேற. பரிசோதனைக் கருவி கொண்டு வந்திருக்கேன். விரல்ல சின்னக் குத்து. முடிவு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். முதல்ல யாரு?"

தலைமை எழுத்தருக்குத் திடீரென்று மாமனார் ஞாபகம் வந்தது. குழுவினருக்கு அவசரக் கடை ஆய்வுகள் முளைத்தன. அன்று தொடப் பயந்த கைப்பிடியை இன்று ஆளாளுக்கு முண்டியடித்துக்கொண்டு இழுத்தார்கள்.

காலியான அலுவலகத்தில் முத்திரை எழுத்தர் மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். டாக்டரம்மா மறுமுனையைப் பிடித்தார். மேசை மின்விசிறிக்குக் கீழே வந்தது. பழைய இடத்தில் உட்கார்ந்ததும் எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது தொலைபேசி அடித்தது. அதிகாரிதான்.

"அந்தம்மா போயாச்சா?"

"இல்ல சார். உங்களைத்தான் கேக்கறாங்க."

"என்னைக் கண்டறிய முடியலைன்னு சொல்லிடுங்க!"

எழுத்தர் அப்படியே சொன்னார்.

"மாத்திரை போடாமலேயா?" என்றார் டாக்டரம்மா.