மோனோ பட்டன் கேட்ட கோளாம்பி அண்ணன்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் மனிதனின் நிம்மதியைக் கெடுப்பதற்கென்றே ஒருவர் பிறந்தார் என்றால் அது கோளாம்பி அண்ணன்தான். கடவுள்கூட ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். அண்ணன் அன்றைக்கும் சைக்கிளில் வந்து இறங்கி, ஆறு நாளில் செய்ததில் என்ன குறை என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

கோளாம்பி என்றால் வெற்றிலை எச்சில் துப்புகிற பாத்திரம். அதே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு தென்னை மரத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிக்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அண்ணனிடம் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. கோயில் உற்சவம், சர்ச் கன்வென்ஷன், கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாய்தான் பேசும், பாடும், திட்டும். தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

புதுச் சாமான் எதைக் கண்டாலும் அதில் இல்லாத ஒன்றைக் கேட்பது அவருடைய வியாதி. குளத்தூரில் ஒருத்தன் துபாயிலிருந்து நாலு ஸ்பீக்கர் வைத்த டேப்ரிக்கார்டர் கொண்டுவந்தான். ஊரே போய்ப் பார்த்தது. அண்ணனும் போனார். அரைப் பாட்டு கேட்டார். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து ஒரு பக்கத்து ஸ்பீக்கர்களை மூடினார். "இப்ப பாடட்டு" என்றார். துவர்த்தால் மூடினபோது பாட்டில் தபேலாவைக் காணவில்லை. "தபேலாக்காரன் லீவாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பாவம், அந்தப் பையன் விடுமுறை முடியும் முன்பே துபாய்க்குத் திரும்பிவிட்டான் என்று பேச்சு.

இப்படிப்பட்டவரின் கண்ணில் படுகிற மாதிரி நான் வீட்டில் ஒரு ஸ்டுடியோ வைத்தேன். தொண்ணூறுகளின் கடைசி. காலையில் பாரலல் காலேஜ் என்கிற டுடோரியலில் ஆங்கிலம் நடத்துவேன், மிச்ச நேரம் சங்கீத வெறி. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற புகைப்புரையை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மிக்சர், இரண்டு ஸ்பீக்கர் வைத்துவிட்டேன். பாட வருகிறவர்கள் முதல் சரணத்துக்கு முன்னால் மூன்று தும்மல் போடுவார்கள். அது புகையின் ஆசீர்வாதம்.

அங்கே முதல் உருப்படியான வேலை வந்தது. எங்கள் சர்ச் பாட்டுக்குழுவில் தனிப்பாட்டு பாடுகிற சுகந்தி டீச்சர், தனுவச்சபுரத்தில் கணக்கு டீச்சர். அவர்களுக்குத் தொண்டையில் ஒரு கட்டி. திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் பழைய மாதிரி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பயமொண்ணும் இல்ல சாரே. ஆனா போறதுக்கு முன்ன நாலு பாட்டைப் பிடிச்சு வச்சிரணும்" என்றார்கள் டீச்சர்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வந்து பாடினார்கள். டீச்சர் குரலை இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்துப் பிடித்தேன்; ஆர்கனையும் குழுவையும் தனியாக. புதன்கிழமையோடு டாக்டர் உத்தரவு: இனி பாடக்கூடாது, உரக்கப் பேசவும் கூடாது. ஆகவே கம்ப்யூட்டருக்குள் இருப்பதுதான் டீச்சருடைய குரல். வெள்ளிக்கிழமை அதைக் கலந்து, கேசட் போடுகிற இடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த நேரம் பார்த்து எனக்குப் பெட்டி ஆசை பிடித்தது. கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்ணாகத்தான் கிடக்கும். அதை ஸ்பீக்கருக்குப் புரிகிற மின்சாரமாக மாற்ற ஒரு பெட்டி உண்டு, கன்வர்ட்டர். அரிசியைச் சோறாக்குகிற மாதிரி. அந்தச் சோற்றை எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பரிமாறுவது என்று பார்க்கிற இன்னொரு பெட்டி, மானிட்டர் கண்ட்ரோலர். நல்ல பெட்டிகள் இல்லாமல் டீச்சர் குரலைத் தொடுவது பாவம் என்று எனக்கு நானே பிரசங்கம் செய்து, திருவனந்தபுரத்துக் கடை ஒன்றில் கெஞ்சி, பரீட்சைக்கு இரண்டு செட் வாங்கிவந்தேன். ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தர வேண்டும்.

ஒரு செட் கறுப்பு. முகப்பில் நீல விளக்கு. அந்தக் காலத்தில் நீல விளக்கு ஒரு அதிசயம், நான் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை காபியை ஆற விட்டேன். இன்னொன்று சாம்பல் நிறம். தாலுகா ஆபீஸ் அலமாரியை வெட்டிச் செய்த மாதிரி ஒரு முகம்.

வியாழக்கிழமை மத்தியானம் சைக்கிள் மணி கேட்டது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர் வரமாட்டார்.

"எலே, என்னவோ நீலமா கத்துது?" கோளாம்பி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நெருப்பு எரிவதை எங்கள் பக்கத்தில் 'கத்துது' என்போம். வீடு பற்றிக்கொண்ட மாதிரியே கேட்டார்.

நான் பெருமையாகக் கறுப்பு செட்டில் டீச்சரின் பாட்டை ஓடவிட்டேன். பிறகு சாம்பல் செட்டில். "கேட்டீங்களா அண்ணே? கறுப்புதான். குரல் வானத்திலேருந்து இறங்குது! எங்கேருந்து வருதுன்னே தெரியல!"

"கறுப்புல சத்தம் கூடுதல். சத்தம் கூடினா எதுவும் நல்லதாத்தான் தோணும். எனக்க கோளாம்பி அப்படியாக்கும் பேரு வாங்கிச்சு" என்றார். பையிலிருந்து முள் மீட்டரை எடுத்து, ஒரே சத்தத்தை இரண்டு செட்டிலும் ஓடவிட்டு, முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை குமிழைத் திருகினார். அதற்கே ஒரு மணி நேரம். "இனி நீ சுவரைப் பாத்து நில்லு. மெர்சி மாத்தி மாத்திப் போடட்டு."

மெர்சி என் மனைவி. என்னைச் சுவரைப் பார்த்து நிறுத்த ஆள் கூப்பிட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டு வருவாள். ஸ்கூல் பையன் மாதிரி முட்டை அட்டையில் மூக்கை வைத்து நின்றேன். மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும், "இது கறுப்பு! என்ன தெளிவு!" என்று உருகினேன்.

பின்னால் சிரிப்பு. திரும்பினேன். மூன்று தடவையும் ஓடியது சாம்பல். மெர்சி கறுப்பையும் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கு. ஆனா டீச்சர் பாடுறதுக்கு முன்ன மூச்சு எடுக்கது சாம்பல்ல கேக்குது. கறுப்புல இல்ல" என்றாள் மெர்சி. எட்டு வருட இசைப் பயிற்சி உள்ள எனக்குக் கேட்காத மூச்சு, பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது.

தோற்றவன் என்ன செய்வான்? நியாயத்தை விட்டுவிட்டு அழகைப் பிடிப்பான். "மூச்சு யாருக்கு வேணும்? கறுப்புப் பெட்டிக்க குமிழைத் திருகிப் பாருங்க, வெண்ணெய் மாதிரி" என்றேன்.

அண்ணன் கறுப்பைத் தூக்கி முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், அடியில் பார்த்தார். "இதில மோனோ பட்டன் எங்க?"

"என்னது?"

"ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒண்ணாச் சேக்கியது. சாம்பல்ல உண்டு, இன்னா பாரு. இதில இல்ல. மோனோ இல்லாத பெட்டியை என்னத்துக்குலே, மீன் வைக்கவா?"

"ஸ்டீரியோ கேக்கத்தானே அண்ணே ரெண்டு ஸ்பீக்கர்!"

"மோனோ வேணும்."

"உலகமே ஸ்டீரியோவுக்குப் போயாச்சு!"

"போகட்டு. மோனோ வேணும்."

அரை மணி நேரம் இதே வசனம். நாளை வெள்ளி. கலக்கும் வேலை தொடங்கவே இல்லை. எனக்குத் தலைக்குள் என்னவோ அறுந்தது.

"அண்ணனுக்கு ஒரு காதுதானே கேக்கும்! அதுனாலதானே ரெண்டு ஸ்பீக்கரைக் கண்டா வயிறு எரியுது!"

சொல்லி முடித்ததும் மெர்சி என்னைப் பார்த்த பார்வையில் இரவுச் சாப்பாடு இல்லை என்பது தெளிவாக எழுதியிருந்தது.

அண்ணன் வலது காதைத் தடவிக்கொண்டார். "ஆமா மக்கா. இது செத்து பன்னெண்டு வருசமாச்சு. கோளாம்பிக்க கீழ நின்னே போச்சு." பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி தொடர்ந்தார். "எனக்கு ஒரு காது. டீக்கடையில ஒரு ஸ்பீக்கர். அம்பூரி பஸ்ஸில டிரைவருக்க தலைக்கு மேல ஒண்ணு. சர்ச்சில எனக்க கோளாம்பி ஒண்ணு. டீச்சருக்க பாட்டைக் கேக்கப்போறது நாங்களாக்கும். நீயும் ஒனக்க நீல லைட்டும் இல்ல. இந்தப் பட்டனை ஒருக்கா அமுக்கு."

வெட்கம் ஒரு பக்கம், வீம்பு ஒரு பக்கம். சாம்பல் பெட்டியில் பாட்டை ஓடவிட்டு மோனோவை அமுக்கினேன்.

ஆர்கன் வாசித்தது. குழுவினர் பாடினார்கள். டீச்சரைக் காணவில்லை. கிணற்றுக்குள் யாரோ பாடுகிற மாதிரி ஒரு நிழல் மட்டும் கேட்டது.

பட்டனை விட்டேன், டீச்சர் வந்தார்கள். அமுக்கினேன், போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுத என் குடும்ப கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சுருக்கமாக: கம்ப்யூட்டரைத் திட்டினேன். பெட்டியைக் குலுக்கினேன். மேசைக்கு அடியில் போய் முழந்தாளிட்டு, வயர் தேடுகிற சாக்கில் ஜெபம் செய்தேன். எழும்போது மேசையில் தலை இடித்து, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் வேறொன்று சொன்னேன். "போச்சு மெர்சி, டீச்சருக்க குரல் போச்சு! இனி எங்க போய்ப் பாடச் சொல்லுவேன்!" என்று அலறினேன்.

"எலே, அழாத. மைக் வயரு ஆரு சோல்டர் பண்ணினது?" என்றார் அண்ணன்.

"நான்தான்."

"எப்ப?"

இங்கேதான் நான் தலைகுனிந்தேன். அந்த நாட்களில் எங்களுக்குச் சாயந்தரம் அரை மணி நேரம் கரண்ட் கட். டீச்சர் பாட வருவதற்கு முதல்நாள், திங்கட்கிழமை, அந்த அரை மணி நேரத்துக்குக்கூடப் பொறுமை இல்லாமல், சோல்டரிங் இரும்பின் மூக்கைப் புகைப்புரைக் கனலில் காய்ச்சி, மண்ணெண்ணெய் விளக்கில் வயரை ஒட்டினேன். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளை வயரும் மஞ்சள் வயரும் சகோதரிகள்.

"அப்ப ஒரு மைக்ல வயரு மாறிப்போச்சு" என்றார் அண்ணன். "ஒண்ணு தள்ளும்போ மத்தது இழுக்கும். தனித்தனி ஸ்பீக்கர்ல நிக்கியவரைக்கும் சண்டை வெளிய தெரியாது. ஒண்ணில அடைச்சா ஒண்ணையொண்ணு தின்னுரும்."

வானத்திலிருந்து இறங்குகிறது என்று நான் உருகினேனே, அது வயர் மாறினதன் மகிமை. டீச்சர் நிற்க இடமில்லாமல் அறையெல்லாம் அலைந்திருக்கிறார்கள்.

"பாடினது ஒண்ணும் அழியல. ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாப் போட ஒனக்க கம்ப்யூட்டர்ல வழி உண்டா?"

உண்டு. ஒரே ஒரு கட்டளை. அவசரத்தில் முதல் தடவை பாட்டையே பின்பக்கமாக ஓடவிட்டேன். டீச்சர் எபிரெய மொழியில் பாடினார்கள். இரண்டாம் தடவை சரியாக வந்தது. மோனோவை அமுக்கினேன். நட்டநடுவில், எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி, டீச்சர் ஒரு மூச்சு எடுத்தார்கள். பிறகு பாடினார்கள்.

திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணவில்லை. மாட்டுத்தொழுவத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று கத்தினார்: "இஞ்சவரைக்கும் வருது! வார்த்தை விளங்குது! மதி, இது போதும்!"

சாம்பல் செட்டை வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பாட்டு போனது.

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் அண்ணனும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதல் கேசட்டும், அண்ணனுடைய பழைய ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரிக்கார்டரும் பையில். டீச்சர் கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பேசக்கூடாது. அண்ணன் டேப்பைக் கட்டிலில் வைத்து, மெதுவாக ஓடவிட்டார். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் மருந்தோடு நின்றாள். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார்கள்: 'இரண்டாம் சரணத்தில் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது.'

அண்ணன் படித்துவிட்டு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். "பாத்தியாலே? இது ஆளு!"

டீச்சருக்குக் குரல் பிறகு வந்தது. கணக்கு நடத்தவும் பிள்ளைகளை அதட்டவும் போதுமான குரல். தனிப்பாட்டுக்கு அது திரும்பவில்லை. கன்வென்ஷனுக்குக் கன்வென்ஷன் அந்தக் கேசட்தான் பாடியது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது, நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாலராமபுரம் வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

"என்னலே, கொட்டாவியா?" என்றார். பிறகு, "இந்த ஜன்னல் சீட் கொள்ளாது மக்கா. காத்து கூடுதல்."

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"இப்ப புழுங்குது."

நான் கொஞ்சம் ஏற்றினேன். நெய்யாற்றின்கரை வரைக்கும் ஏற்றுவதும் இறக்குவதுமாக, அவருக்குச் சரியான இடம் வரும்வரை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பிடித்துக்கொண்டே வந்தேன்.