கொசு கிடைக்குமா?

கூண்டுக்குள் ஒரு கொசுகூட உயிரோடு இல்லை. ஆராய்ச்சியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எல்லாம் மல்லாந்து கிடந்தன.

உலகம் முழுவதும் மலேரியாவை ஒழிக்கத் திட்டம் தீட்டும் குழு இன்று காலை கூடுகிறது. பழைய மருந்து எதற்கும் மசியாத கொசுக்கள் இவை. இவர் உருவாக்கிய, மருந்து தோய்த்த கொசுவலை இவற்றைக் கொன்று காட்டினால்தான் அதற்குத் திட்டத்தில் இடம். ஆபீஸில் ஏசி பழுதாகிவிட்டதால் கூண்டையும் வலையையும் நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

மாமனார் வாக்கிங் போயிருந்தார். ஹாலில் மாமியார் கையில் கொசு பேட்டோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வேறு சாட்சி வேண்டுமா என்ன?

"அத்தை! என் கொசுவை எல்லாம் ஏன் அடிச்சீங்க?"

"நான் அந்தப் பக்கமே போகலை!"

"பின்னே, கூட்டமா தற்கொலை பண்ணிக்கிச்சா?"

மாமியார் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். மனைவி அடுப்பை அணைத்தாள்.

"டீயையும் அந்தக் கொசுங்ககிட்டயே கேட்டு வாங்கிக் குடிங்க."

இனி எந்தக் கொசுவாக இருந்தாலும் சரி, பறந்தால் போதும் என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உங்க வீட்டுல கொசு கிடைக்குமா? நாலஞ்சு இருந்தாக்கூடப் போதும்."

"எங்க வீட்டுலயா? எங்களைப் பார்த்தா எப்படி சார் தெரியுது?"

கதவைச் சாத்திய கையோடு எதிர்வீட்டுக்காரர், கொசு சார் சோதனைக்கு வந்திருப்பதாகக் குடியிருப்புச் செயலாளருக்குப் போன் போட்டுவிட்டார். செயலாளர் பதறியடித்துப் புகை மிஷினோடு வந்து, மாடிப்படி முதல் சாக்கடை வரை அடித்துத் தள்ளினார். எங்கோ ஒளிந்திருந்த ஒன்றிரண்டும் போய்ச் சேர்ந்தன.

குழுத் தலைவர் போனில் வந்தார். "எல்லா நாட்டுக்காரங்களும் வந்தாச்சு. எங்கய்யா இருக்கீங்க?"

"இதோ... வந்துக்கிட்டே இருக்கேன் சார்."

இருமிக்கொண்டே கூண்டின் முன்னால் உட்கார்ந்தார். எத்தனை வருஷ உழைப்பு! அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

அப்போதுதான் மாமனார் உள்ளே வந்தார். எறும்பு ஊர்ந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற மனிதர். கூண்டை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னுமா எழுந்திருக்கலை? ராத்திரி குளிருமே, பாவம்னு உங்க பையில இருந்த வலையை எடுத்துப் போர்த்திவிட்டேன் மாப்பிள்ளை. விடிஞ்சதும் மடிச்சு வெச்சுட்டேன். போர்த்தினதுதான் தாமதம், ஒண்ணு விடாம அசந்து தூங்கிடுச்சுங்க!"