ராகு காலத்தில் ராக்கு

மலேசியாவில், ஈப்போ வட்டாரத்தில் ஒரு கிட்டார் கம்பி அறுந்தால், வாசித்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரிவதற்கு முன்பே ஃபீட்பேக் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் ஈப்போவில் ராக் இசைக்குழுவில் இருந்து பார்த்ததில்லை. நான் இருந்து பார்த்தவன். பட்டவன் என்று சொன்னாலும் பொருந்தும்.

ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு நேராகக் காட்டினால் 'கீ' என்று ஓர் ஊளை கிளம்புமே, அதற்குப் பெயர் ஃபீட்பேக். கருத்துச் சொல்வதற்கும் அதே பெயர்தான். அண்ணன் இரண்டையும் ஒரே மூச்சில் செய்வார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் சாமியாருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும் என்று பேச்சு. மனைவியும் அவரை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறார்.

அண்ணனுக்கு வீடு குனோங் ராபாட்டில். தொழில், ஏர்கான் கழுவுவது. வாழ்நாளில் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் வந்து விழும்: "மாதா துணை. ஈப்போ ராக்கு செய்திகள். வாசிப்பது நாந்தான்." 'ராக்' என்று பாதியில் நிறுத்த அவருக்கு வராது. 'ராக்கு' என்று ஓர் உகரம் சேர்த்தால்தான் அவருக்கு வாய் மூடும்.

செய்திகள் சாதாரணமானவை அல்ல. ஆயர் தாவாரில் 'நாலாங்கட்டை' என்று ஒரு குழு இருந்தது. "பேருதான் நாலாங்கட்ட. பாடுறது ஒன்ற கட்ட. இதுல அவனுங்க கிட்டார்காரன் நேத்திக்கடன்னு மொட்ட வேற போட்டுட்டான். முடிய ஆட்டி ஆட்டி வாசிக்கிறவன், இப்ப எதலா ஆட்டுவான்? முடி மொளைக்கிற வரைக்கும் ஆயர் தாவார்ல ராக்கு கெடையாது" என்று அறிவித்தார். 'கித்தாக் காடு' என்ற குழு பிரிந்தபோது யார் யாரைத் திட்டினார்கள், யார் அழுதார்கள், குழுவின் பெயர் போட்ட பதாகை இப்போது யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருக்கிறது என்பது வரை அவரிடம் விவரம் இருந்தது.

இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று நாங்கள் வெகுநாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். காரணம் எளிது. ஏர்கான் கழுவ வந்தவர் முன்னால் எந்த வீட்டிலும் யாரும் வாயைப் பொத்துவதில்லை. அண்ணன் ஏணியில் நிற்பார். கீழே கிட்டார்காரனின் அம்மா, மகனைப் பற்றிய புகாரை வரிசையாக அடுக்குவார். தண்ணீர் வாளியோடு செய்தியும் நிறைந்துவிடும்.

என் வீட்டு ஏர்கானையும் அவர்தான் கழுவினார். அந்த வாரச் செய்தி இது: "நம்ம 'சுண்ணாம்பு' குழுவுல பாஸ் வாசிக்கிற தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவரோட ஆம்ப்ளிஃபையர வீட்டுக்காரம்மா பின்கட்டுல, வாஷிங் மிஷின் பக்கத்துல வச்சிருக்காங்க. அது மேல துணி காயுது. அந்த ஆம்ப்ளிஃபையர் மேடையில இவ்வளவு பிரயோசனமா இருந்து நான் பாத்ததில்ல."

சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள் இருப்பதால் எங்கள் குழுவுக்குச் 'சுண்ணாம்பு' என்று பெயர் வைத்தோம். அப்போது அது ஆழமான பெயராகத் தோன்றியது. "சுண்ணாம்பு சரி, வெத்தல பாக்கு எங்கலா?" என்று அண்ணன் ஒரே கேள்வி கேட்டார். ஆழம் அன்றோடு தூர்ந்துபோயிற்று.

குழுவில் மூன்று பேர். குமாருக்குப் பாட வராது, ஆகவே உறுமுவான். எங்கள் வகை இசையில் அது குறை அல்ல, தகுதி. தாஸ் டிரம்ஸ் அடிப்பான். நான் பகலில் கார் காப்புறுதி புதுப்பித்துக் கொடுக்கிறவன், மற்ற நேரங்களில் பாஸ் கிட்டார். பாஸ் என்பது இருக்கும்போது யார் காதிலும் விழாத, நின்றுபோனால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று தோன்றவைக்கும் வாத்தியம். என் விஷயத்தில், நின்றுபோனால் நிம்மதியாக இருக்கிறது என்பது அண்ணனின் தீர்ப்பு.

இவ்வளவு திட்டுகிறவர் ஒரு நிகழ்ச்சியையும் தவறவிட்டதில்லை. மேடைக்கு நேர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு காதில் மட்டும் பஞ்சு. "ஒரு காது ஒங்களுக்கு. இன்னொன்னு எனக்கு வேணும்லா" என்பார்.

அவர் வந்தார். மற்றவர்கள் வரவில்லை. ஆயர் தாவாரில் ஒரு தடவை வாசித்தோம். அதற்கு அண்ணன் வெளியிட்ட விமர்சனத்தை முழுவதுமாகவே தருகிறேன்: "வந்தவங்க, நானு, வாச்மேனு, ஒரு பூன. பூன பாதியில எந்திரிச்சிப் போயிருச்சு. வாச்மேனுக்குப் போக வழியில்ல, அவருக்கு அங்கதான் வேல."

அதோடு தாஸுக்கு வெறுத்துவிட்டது. நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த தே தாரேக் தேநீரை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். "மச்சான், இன்னும் ஒரே ஒரு ஷோ. அதுலயும் நாக்காலிங்கதான் கேக்கப் போவுதுன்னா டிரம்ஸ ஏறக்கட்டிட்டு நான் மீன் புடிக்கப் போறேன். மீனாவது கிட்ட வந்து பாக்கும்" என்றான். குமார் தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். ஆனால் மனசில்லாமல்தான். குழு போய்விட்டால் நான் வெறும் காப்புறுதிக்காரன். காப்புறுதிக்காரன் போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. பாஸ் வாசிக்கிறவன் போன் செய்தாலும் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் எனக்கு அது வேண்டியிருந்தது.

கடைசி நிகழ்ச்சிக்கு இடம் தேடி அலைந்தோம். ஒரு கோயில் மண்டபத்தின் பொறுப்பாளர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம நாலரையிலேருந்து ஆறு வரைக்கும் சும்மாதான் கெடக்கு. ராகு காலம். அந்த நேரத்துல எவனும் கல்யாணத்துக்குக் கேக்க மாட்டான். நீங்க வேணா எடுத்துக்குங்க. புதுசா கெட்டுப் போறதுக்கு ஒங்ககிட்ட ஒண்ணும் இல்லையே."

வெள்ளிக்கிழமை அண்ணனின் அறிவிப்பு வந்தது. "ஞாயித்துக்கெழம, ராகு காலத்துல ராக்கு! சுண்ணாம்பு குழுவோட கடைசி நிகழ்ச்சி. கடைசின்னா நெசமாவே கடைசி, கண்ணுல தண்ணி வருது, சந்தோசத்துல."

ஞாயிற்றுக்கிழமை திரை விலகியது. மண்டபம் நிறைய ஆள்.

எல்லாரும் பெண்கள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. ஒவ்வொருவர் கையிலும் தட்டு. தட்டில், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிப் பிழிந்து, தோலைத் திருப்பி, நெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு. ராகு கால பூஜைக்கு வந்திருந்தார்கள்!

"டேய், ராக்குன்னு சொன்னது அவங்களுக்கு ராகுன்னு கேட்டிருச்சுடா" என்று தாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். "இப்ப என்னாடா செய்யறது?"

"வாசிடா. ஓடிப் போனா மண்டபக்காரர் ஆளவிட்டுத் தேடுவாரு" என்றேன்.

குமார் கண்ணை மேலே சொருகிக்கொண்டு, தலைமுடியை விரித்துப்போட்டு, வயிற்றிலிருந்து முதல் உறுமலை எடுத்தான். முன் வரிசையில் இருந்த ஓர் அக்கா விருட்டென்று எழுந்தார். சாவித்திரி அக்கா என்று பின்னால் தெரிந்துகொண்டோம்.

"தள்ளுங்க, தள்ளுங்க! அந்தப் பிள்ளைக்கு அருள் வந்துருக்கு!"

விபூதித் தட்டோடு நேரே மேடை ஏறிவிட்டார். குமாரின் நெற்றி நிறைய அப்பினார். "யாரு வந்துருக்கறது? வாயத் தொறந்து சொல்லு!"

பயத்தில் குமாருக்குச் சாதாரணக் குரலே வரவில்லை. உறுமலிலேயே, "கு... மா... ர்..." என்றான்.

"குமரன்! முருகன் வந்துருக்காரு!" என்று மண்டபமே எழுந்தது. யாரோ குலவையிட்டார்கள். தாஸ் நடுக்கத்தில் தாளத்தை விட்டுவிட்டான். அவன் கை தானாக உறுமி மேளத்து அடிக்குப் போய்விட்டது. கூட்டம் கைதட்டத் தொடங்கியது. நான் எனக்குத் தெரிந்த ஒரே ஸ்வரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்வரிசை அக்கா ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, நல்லா இருக்கு. அந்தச் சுருதிப் பொட்டிய நிறுத்திராத" என்றார். என் இசை வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

சாவித்திரி அக்கா விடுவதாக இல்லை. "முருகா, என் மவன் படிச்சிட்டு வீட்டுலயே படுத்துக் கெடக்கான். வேல எப்பப்பா கெடைக்கும்?"

முருகன் திருதிருவென்று விழித்தார். முருகனுக்குப் பகலில் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வேறு வழியில்லாமல் அதையே உறுமினார்: "கமுந்திங்ல... எங்க ஃபேக்டரியில... ஆள் எடுக்குறாங்க..."

மண்டபம் சிலிர்த்தது. கூட்டத்துக்கு நடுவில் ஃபீட்பேக் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு காதில் பஞ்சோடு நின்றார். ஒரு தடவை மட்டும் கையை அவிழ்த்தார், சிலுவை போட்டுக்கொள்ள.

ஆறு மணி வரை ஒருவர்கூட எழுந்து போகவில்லை. வெளியே வந்ததும் எங்களுக்குள் தகராறு. "இது கணக்குல சேராதுடா. அவங்க ராகுவுக்கு வந்தவங்க. நமக்கு வந்தவங்க இல்ல" என்றான் தாஸ். சேரும் என்றேன் நான். குமாரின் நெற்றி விபூதி கண்ணில் விழுந்து அவனுக்கு எதுவும் தெரியவில்லை. கடைசியில் அண்ணனையே கேட்டோம்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "வந்தாங்களா? ஒக்காந்தாங்களா? கடைசி வரைக்கும் இருந்தாங்களா? அப்ப ஆடியன்சுதான்லா. பூன கூட நீங்க வாசிச்சு முடிக்கிற வரைக்கும் இருந்ததில்ல. போயி அடுத்த பாட்டப் பழகுங்க. பழசெல்லாம் சகிக்கல."

தாஸ் மீன் பிடிக்கப் போகவில்லை. சுண்ணாம்பு உதிரவில்லை.

அதற்கப்புறம் பல மாதங்கள் இந்தக் கதையை, தேநீர் குடிக்க உட்காரும் மாமாக் கடை ஒவ்வொன்றிலும் சொல்லி வந்தேன். ராக்குக்கும் ராகுவுக்கும் வித்தியாசம் தெரியாத அக்காமார்கள் என்று நான் ஆரம்பித்தாலே மேசை சிரிக்கும். கதை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளரும். இரண்டு பேருக்கு நான் தீர்த்தம் கொடுத்ததாகக்கூட ஒரு தடவை சேர்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் சாவித்திரி அக்கா எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். மகனுக்குக் கமுந்திங்கில் வேலை கிடைத்துவிட்டதாம், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறானாம், மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி போட வேண்டுமாம். பேச்சோடு பேச்சாக நானும், "அக்கா, அன்னிக்கு நீங்கல்லாம் பூசைன்னு தப்பா நெனச்சுத்தானே வந்தீங்க?" என்று சிரித்தேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா தம்பி பேசறீங்க? எங்களுக்கு ராக்கு எது, ராகு எதுன்னு தெரியாதா? எங்க தாமான்ல வீடு வீடா வந்து கூப்புட்டுச்சே அந்த ஏர்கான் தம்பி. ஏர்கான் நல்லா இருக்குப்பான்னு சொன்னாலும் ஏணியோட உள்ள வந்துரும். 'அக்கா, பயலுங்க ஒண்ணும் நல்லா வாசிக்க மாட்டானுங்க. ஆனா விடாம வாசிக்கிறானுங்க. ஒரே ஒரு தடவ மனுச மொகத்தப் பாத்து வாசிக்கட்டுமே, வந்து ஒக்காருங்கக்கா. வெளக்க அங்கயே ஏத்திக்கலாம், மண்டபக்காரர்கிட்ட நான் சொல்லிட்டேன்'னு கெஞ்சிச்சு. யாருக்குத்தான் மனசு வராது?"

சமாளிப்பதற்காக, "அப்ப குமாருக்கு அருள் வந்துச்சுன்னு நீங்க..." என்று இழுத்தேன்.

"அது மட்டும் நெசம்னுதான் நெனச்சேன். அந்தச் சத்தம் மனுச சத்தம் மாரியா இருந்துச்சு?" என்றார் அக்கா.

அண்ணனிடம் நான் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மழுப்பிவிட்டு, அந்த வாரச் செய்தியில் என்னைத்தான் வறுத்தெடுப்பார். எங்களைப் பற்றி ஊரெல்லாம் கேவலமாகப் பேசிய அதே வாயால், ஊரெல்லாம் எங்களுக்காகக் கெஞ்சியிருக்கிறார் மனுஷன். நான் என்னவோ அந்த அக்காமார்களை வைத்து மேசை மேசையாகச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போதும் எங்கள் நிகழ்ச்சிகளுக்குப் பெரிதாகக் கூட்டம் வருவதில்லை. தாஸ் திரையை விலக்கி எத்தனை பேர் என்று எட்டிப் பார்ப்பான். நான் ஒருவரைத்தான் தேடுவேன். அவர் வந்து நின்றுவிட்டால் போதும், எனக்கு மண்டபம் நிறைந்துவிடும்.