மெச்சிங் அக்காவைத் திருத்தப் போன கதை

கொழும்பு வெள்ளவத்தையில் கலியாணம் கட்டிய பெண்கள் மாமியாருக்குப் பயந்தார்களோ இல்லையோ, மெச்சிங் அக்காவுக்குப் பயந்தார்கள். ஒரு புடவைக் கடையில் சேலைக்கு ஏற்ற மெச்சிங் பிளவுஸ் துணி பார்த்துக் கொடுப்பது அவர் வேலை. நான் அந்தக் கடையில் சுப்பவைசர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் தாளில் மட்டும்தான் இருந்தது.

கடை விளக்கை அவர் நம்பவே மாட்டார். சேலையையும் துணியையும் தூக்கிக்கொண்டு வாசலில், காலிக்குப் போகும் பெருவீதி வெயிலில் போய் நிற்பார். பஸ் ஹோர்ன் அடித்தால் இரண்டு காதையும் பொத்துவார். சேலை நிலத்தில் விழும். போன வருஷம் வந்த சேலையின் நிறம் நினைவிருக்கும், கொண்டுவந்தவரின் முகம் நினைவிருக்காது.

ஒருநாள் ஒரு தாய் மாம்பழ நிறத்தில் துணி கேட்டார்.

"இது உங்கட சாறிக்குச் சரிவராது," என்றார் அக்கா.

"அப்ப எது சரிவரும்?"

"எங்களிட்ட இல்லை. எதிர்க்கடையில இருக்கு. மூண்டாவது தட்டு."

முதலாளி தலையில் கை வைத்தார். "இவவைக் கொஞ்சம் திருத்துங்கோ," என்று என்னிடம் சொன்னார். ஆட்களைத் திருத்துவதில் நான் பெரிய கெட்டிக்காரி என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

"முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ அக்கா. சிரியுங்கோ. வெளியில ஓடாதேங்கோ," என்றேன். சொன்னதை அப்படியே செய்தார். கண் வெட்டாமல் அவர் பார்த்த பார்வையில், வந்தவர்கள் தங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரிக்கப் பழகினார். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். நானும்தான். இன்று நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஒன்றரை வருஷம் அப்படித் தாக்குப்பிடித்தார். தீபாவளி நெரிசலில், ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருக்க, துணி வெட்டும் மேசைக்குக் கீழே போய் இருந்துவிட்டார். கூப்பிட்டோம், பேச்சு வரவில்லை. தங்கை வந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குப் போய்ப் பார்க்கத் துணிவு வந்தது.

"ஓட்டிசமாம் மிஸ், மதியிறுக்கம் எண்டும் சொல்லுவினம். சின்னனில இருந்தே இருந்திருக்கு," என்றார் தங்கை. "மற்ற ஆக்கள் மாதிரி நடிச்சு நடிச்சுத்தான் இப்பிடிக் களைச்சுப்போனவ எண்டு டொக்டர் சொன்னவர்."

அக்கா யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நான் வேலைக்கு வாறன். ஆனா சிரிக்க மாட்டன். முகம் பார்க்க மாட்டன். பாட்டு நிப்பாட்டோணும். வெளிச்சம் வாற இடத்தில மேசை வேணும்."

"முதலாளி ஓம் எண்டுவாரோ தெரியேல்லை அக்கா."

"அப்ப வரேல்லை."

முதலாளியிடம் போய், அக்கா கேட்டவற்றைச் சொல்லி, அவர் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்றேன். வாழ்க்கையில் நான் காட்டிய ஒரே வீரம் அதுதான். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அக்கா வந்த இரண்டாவது கிழமை, ஒரு கலியாணத்துக்குத் தோழிப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் சிவப்புத் துணி வெட்ட இருந்தோம். இரண்டு சுருளிலிருந்து எடுக்க வேண்டும்.

"கத்தரிக்கோலை வையுங்கோ. ரெண்டும் ஒரே சிவப்பில்லை."

எங்கள் ஒருவர் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதலாளியே இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒன்று குங்குமம், மற்றது செங்கல். அன்றிலிருந்து யாராவது பாட்டுப் போட்டால் ஓடிப்போய் நிறுத்துகிறவர் முதலாளிதான்.

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் போனேன். "உங்களைத் திருத்தப் பார்த்தது என்ர பிழை அக்கா."

"ஓம், பிழைதான்," என்றார், தலை நிமிராமலே. பிறகு துணிகளை ஒதுக்கி, என் சாப்பாட்டுப் பெட்டிக்கு இடம் விட்டார். இருவரும் ஒரு வார்த்தை கதைக்காமல் சாப்பிட்டோம். அவ்வளவு நிம்மதியாக நான் வேறு யாருடனும் இருந்ததில்லை.