நூற்றுப் பன்னிரண்டாவது நன்றி

"ஏனுங்கப்பா, நீங்க நன்றின்னு லெட்டர் போடறீங்க. அவங்களும் நன்றின்னு போடறாங்க. அதுக்கு நீங்க மறுக்காவும் போடறீங்க. ரெண்டு பேருமே நல்லவங்களா இருந்தா, லெட்டரு எப்பத்தான் முடியும்?"

கிட்டுசாமியின் மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. அன்றைக்கு அவர் நாக்கில் தபால்தலையை நனைத்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் மறந்தே போனார். மகள் வளர்ந்து கோயமுத்தூரில் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அந்தக் கேள்வி கம்ப்யூட்டர் வழியாக அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில், கமலாம்பாள் நிட்ஸ் என்ற பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கடிதப் போக்குவரத்தைப் பார்ப்பவர் கிட்டுசாமி. தட்டச்சு போய் ஃபேக்ஸ் வந்தது. ஃபேக்ஸ் போய் இப்போது ஈமெயில் வந்திருக்கிறது. அவருடைய வழக்கம் மட்டும் மாறவில்லை. வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போட்டாக வேண்டும். பனியனில் ஓட்டை என்று திட்டி எழுதியவர்களுக்கும் 'தங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி' என்றுதான் ஆரம்பிப்பார். தீபாவளிக்கு நூல் மில்லிலிருந்து ஆயிரக்கணக்கில் அச்சடித்து அனுப்பும் வாழ்த்து அட்டைக்கும் பதில் வாழ்த்துப் போடுகிற ஆள் திருப்பூரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்தத் திங்கட்கிழமை விஷயம் கொஞ்சம் பெரியது. ஜெர்மனியிலிருந்து ஹெல்கா என்ற அம்மாள் பன்னிரண்டாயிரம் குழந்தைச் சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். ரோஸ் நிறத்தில் நாலு விதமாகச் சாயம் போட்டு, நாலு துணித் துண்டுகளைக் கூரியரில் அனுப்பியாகிவிட்டது. அதில் எது வேண்டும் என்று அந்த அம்மாள் சொன்னால்தான் சாயப்பட்டறையில் துணி இறங்கும். சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் கப்பல் தவறும். கப்பல் தவறினால் ஆர்டரும் போகும்.

'எந்த ரோஸ் என்று தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்' என்று ஆங்கிலத்தில் அடித்து, "முருகா" என்று பட்டனை அழுத்தினார்.

ஒரே நிமிடத்தில் பதில் வந்தது.

'உங்கள் மெயிலுக்கு நன்றி. நான் தற்சமயம் அலுவலகத்தில் இல்லை. திரும்பி வந்ததும் பதில் எழுதுகிறேன்.'

கிட்டுசாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பாரு கண்ணு, ஆபீஸ்லயே இல்லையாமா. போற எடத்துல நின்னு நமக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போறாங்க. எத்தனை வேலை இருக்கும் அவங்களுக்கு!"

அடுத்த மேஜையில் பில் அடித்துக்கொண்டிருந்த தேவிப்பிரியா தலையைத் தூக்காமலே, "நல்லதுங்க சார்" என்றாள்.

'நன்றிக்கு நன்றி. அவசரமே இல்லை. நிதானமாக வாருங்கள்' என்று எழுதினார். தலைபோகிற அவசரம்தான். ஆனால் வெளியூர் போனவரிடம் அதைச் சொல்வது முறையாகாது.

ஒரு நிமிடத்தில் பதில். நன்றி, அலுவலகத்தில் இல்லை, திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.

'தாங்கள் சிரமப்பட்டுப் பதில் போட வேண்டாம்.'

அதற்கும் பதில் வந்தது. சிரமப்பட வேண்டாம் என்று சொன்னதற்கே சிரமப்பட்டு நன்றி சொல்கிறாரே என்று இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து மணிக்குள் முப்பத்தொரு நன்றி சேர்ந்துவிட்டது.

"ஏங்கண்ணு, சொன்னதையே சொல்லிட்டு இருக்கறாங்க. மேலுக்குக் கீலுக்குச் சொகமில்லையோ என்னமோ?"

தேவிப்பிரியா எழுந்து வந்து பார்த்தாள். அப்புறம் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் சிரித்தாள்.

"சார், அது அவங்க இல்லீங்க. லீவுல போறப்ப கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லி வச்சுட்டுப் போயிருப்பாங்க. யாரு மெயில் போட்டாலும் அதுவே பதில் போட்டுருமுங்க."

"மெசினா?"

"மெசின்தானுங்க. வேணும்னா சாப்பிட்டீங்களான்னு கேட்டுப் பாருங்க."

கேட்டார். 'உங்கள் மெயிலுக்கு நன்றி. நான் தற்சமயம் அலுவலகத்தில் இல்லை.'

அத்துடன் விஷயம் முடிந்தது என்று தேவிப்பிரியா நினைத்தாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கிட்டுசாமி மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சார், மெசினுன்னு சொன்னனுங்களே!"

"சொன்னது மெசினா இருக்கட்டும் கண்ணு. சொல்லச் சொல்லிப்போட்டுப் போனது ஒரு மனுசிதான? கும்பிட்டவங்களுக்குத் திருப்பிக் கும்பிடாம நடக்கற மாதிரி இருக்குது எனக்கு."

"நீங்க போட்டா அதுவும் போடுமுங்க!"

"போடட்டும். நானும் போட்டுக்கறேன். அதுக்கென்ன கை வலிக்குதா?"

தேவிப்பிரியா தலையில் அடித்துக்கொண்டு பில்லுக்குத் திரும்பினாள். மறுநாள் குன்னத்தூரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி லீவு போட்டுவிட்டுப் போனாள்.

யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் கிட்டுசாமியின் கை தாராளமாகிவிட்டது. நெருப்பெரிச்சலில் நேற்று மழை என்று எழுதினார். வீட்டுக் கொய்யா மரம் காய்த்திருக்கிறது, தினம் ஒன்று ஆபீசுக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுதினார். டெய்லர் முனீஸுக்கு ஆண் குழந்தை பிறந்ததை எழுதினார். மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வியையும் எழுதினார். எதை எழுதினாலும் கடைசி வரி மட்டும் ஒன்றுதான். 'சாப்பிட்டீர்களா?'

புதன்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் ஓர் எச்சரிக்கை காட்டியது. பதிலுக்குப் பதில் போடும்போது பழைய கடிதமெல்லாம் ரயில் பெட்டி மாதிரி பின்னாலேயே தொற்றிக்கொண்டு போய்வருகிற விவரம் கிட்டுசாமிக்குத் தெரியாது. கம்பெனியின் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான் இடம் இருக்கிறது.

இதை ஹெல்கா அம்மாளுக்குத் தெரிவிப்பதுதானே மரியாதை? உடனே தெரிவித்தார்.

'எங்கள் பெட்டி நிறையப்போகிறது. தயவுசெய்து இனி எழுத வேண்டாம்.'

ஒரு நிமிடத்தில் வந்தது: 'உங்கள் மெயிலுக்கு நன்றி.'

இருந்த கொஞ்ச இடத்திலும் அது உட்கார்ந்துகொண்டது. நூற்றுப் பன்னிரண்டாவது நன்றி. அதற்குப் பதில் அடித்து அனுப்பப் பார்த்தார். போகவில்லை. நிறைந்த பெட்டி வாங்கவும் மாட்டேன், அனுப்பவும் மாட்டேன் என்று நின்றுவிட்டது. பழையதை அழித்தால் சரியாகும் என்று திரையில் இருந்தது. ஆனால் ஒரு பெண்பிள்ளை மரியாதையாக எழுதிய கடிதங்களை அழிக்க அவருக்குக் கை வரவில்லை. தேவிப்பிரியா வரட்டும் என்று காத்திருந்தார். வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. சனிக்கிழமையும் போயிற்று.

திங்கட்கிழமை காலை முதலாளி பூபாலனின் செல்போன் அடித்தது. ஹெல்காவுக்காகத் திருப்பூரில் வேலைகளைப் பார்க்கும் ரோஸ்மேரிதான் பேசினாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி.

"என்ன ஸார், மேடம் வியாழக்கிழமையே ரெண்டு மட்டம் மெயில் போட்டு, ரெண்டும் முட்டித் திரும்பிட்டாம். புதன்கிழமை நேர்லயே வாறாங்க. ஆர்டர் உண்டா இல்லையான்னு வந்துதான் சொல்லுவாங்களாம்."

பூபாலன் நேராக ஆபீஸ் அறைக்கு வந்தார். காதுகுத்து முடிந்து வந்திருந்த தேவிப்பிரியா, நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஏனுங்ணா, நூத்திப் பன்னெண்டு மெயிலா? மெசினுக்கா? சாப்பிட்டீங்களான்னா? எங்கம்மாகிட்டவே நான் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லீங்ணா!"

"கேட்டிருக்கலாமுங்க" என்றார் கிட்டுசாமி, உண்மையான அக்கறையோடு.

பூபாலனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த ஆர்டர் போச்சுன்னா அம்பது டெய்லரை நிறுத்தணுமுங்க. அவங்களுக்கு முன்னால நீங்க ஊட்டுக்குப் போயி ஓய்வெடுத்துக்கங்க. அந்தம்மா வந்துட்டுப் போறவரைக்கும் வாங்க, அப்புறம் கணக்கை முடிச்சுக்கலாம்."

மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி இருந்தது. கிட்டுசாமி அதைச் சொல்ல வாயெடுத்தார். வேறொன்று வந்துவிட்டது.

"அந்தக் கடைசி நன்றிக்கு மட்டும் ஒரு பதில்..."

பூபாலன் குனிந்து, கம்ப்யூட்டருக்குப் போகும் டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

புதன்கிழமை ஹெல்கா வந்தார். நரைத்த தலை, நெடிய உருவம், கையில் ஊன்றுகோல். கூடவே ரோஸ்மேரி. ரோஸ்மேரியின் கையில் தடியாக ஒரு காகிதக் கட்டு. மேலே இருந்த காகிதத்தைப் பார்த்ததுமே கிட்டுசாமிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எல்லாம் அவர் எழுதியவை. மெல்ல நகர்ந்து துணி ரோல்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ரோஸ்மேரி மொழிபெயர்த்தாள். "மேடம் கேக்காங்க, இதெல்லாம் உங்க கம்பெனியில இருந்து வந்ததுதானான்னு."

"தப்புத்தானுங்க" என்று பூபாலன் கையைக் கூப்பினார். "ஒரு ஆளு பண்ணின வேலைங்க. அந்த ஆளை அனுப்பிடறோமுங்க."

ரோஸ்மேரி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஹெல்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டர் மேஜையில், செய்தித்தாள் துண்டின் மேல், ஒரு கொய்யாப்பழம் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துணி ரோல்களுக்குப் பக்கத்தில் நின்ற ஆளையும் பார்த்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார்.

ரோஸ்மேரிக்கே அது விளங்கவில்லை போலிருந்தது. "ஆளா, எந்த ஆளுன்னு கேக்காங்க ஸார். இது மெசின் எழுதினதுதானேங்காங்க."

பூபாலன் வாயைத் திறந்தார். மூட மறந்தார்.

"அவங்க ஆபீஸ் மெசின் ஒரே வரியத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுமாம். உங்க மெசின் ஒவ்வொரு மட்டமும் புதுசா எழுதுதாம். மழைங்குது, கொய்யாங்குது, யாருக்கோ புள்ள பொறந்திருக்குங்குது. மேடம் அந்த வாரம் மூட்டுல சின்னதா ஒரு ஆபரேசன் பண்ணி புதன்கிழமை வரைக்கும் ஆஸ்பத்திரியில கெடந்திருக்காங்க. வீட்டுக்குப் போய் மெயில் பெட்டியத் தொறந்தா முந்நூறு மெயிலாம். அதுல சாப்பிட்டியான்னு கேட்டது இந்த மெசின் ஒண்ணுதானாம். எந்தக் கம்பெனி மெசின்னு கேக்காங்க."

பூபாலன் பதினைந்து வருடம் பனியன் விற்றவர். யோசிக்க மூன்று விநாடிதான் எடுத்துக்கொண்டார்.

"நம்ம சொந்தத் தயாரிப்புங்க."

"வெலைக்குக் குடுப்பீங்களாங்காங்க."

"இல்லீங்க, அது... ஒண்ணே ஒண்ணுதானுங்க இருக்குது."

ஹெல்கா தலையை ஆட்டினார். மறுபடி ரோஸ்மேரியிடம் சொன்னார்.

"அப்படின்னா அந்த மெசினைப் பாத்துக்கிற ஆளை மாத்திடக் கூடாதுங்காங்க. இப்படி ஒரு மெசினை வச்சிருக்கிற கம்பெனி சட்டையும் ஒழுங்காத்தான் தைக்குமாம். கப்பலுக்குப் பத்து நாள் தள்ளித் தாறாங்க. ரோஸ்ல மூணாவது துண்டு."

கார் கேட்டைத் தாண்டும்வரை பூபாலன் கும்பிட்டபடியே நின்றார். தாண்டியதும் கிட்டுசாமியின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏனுங்ணா, அந்தம்மா பாவம், வெவரமில்லாதவங்க. நீங்கதான் மெசினுன்னு யாருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க. பெரிய பெட்டியா ஒண்ணு வாங்கிப் போட்டறலாம். நீங்க உங்க பாட்டுக்கு எழுதுங்க."

"அப்ப நான் ஊட்டுக்கு..."

"ஊட்டுக்கு எதுக்குங்ணா? மெசின் போயிருச்சுன்னா நாளைக்கு அவங்க கேட்டா நான் என்னத்தைக் காட்டறது?"

சாயப்பட்டறையில் துணி இறங்கியது. மூன்றாவது ரோஸ். ஐம்பது டெய்லர்களும் ஓவர்டைம் பார்த்தார்கள். முனீஸ் பேர் வைக்கும் விழாவுக்குப் பத்திரிகை கொண்டுவந்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கிட்டுசாமிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு முள். நூற்றுப் பன்னிரண்டாவது நன்றி அப்படியே நிற்கிறதே.

அடுத்த செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வேளை. தேவிப்பிரியா தூக்குப்போசியோடு கேண்டீனுக்குப் போயிருந்தாள். தையல் மெசின்கள் ஓய்ந்திருந்தன. வயர் திரும்பவும் சுவரில் சொருகியிருந்தது. ஹெல்கா அம்மாள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். போனதும் அந்த மெசினைத் திரும்பப் போட்டுவிட்டு ஓய்வில்தான் இருப்பார் என்று கிட்டுசாமி கணக்குப் போட்டார்.

ஒரே ஒரு வரி எழுதிக் கடனைத் தீர்த்துவிடுவது. மெசின் அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் இனி எழுதுவதில்லை. இதோடு முடித்துக்கொண்டால், மகளின் பழைய கேள்விக்கும் ஒரு பதில் ஆயிற்று.

'நன்றி. சாப்பிட்டீர்களா?' என்று அடித்து, "முருகா" என்று பட்டனை அழுத்தினார். டிபன் பாக்ஸைத் திறக்கப்போனார்.

ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. என்ன வரி வந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் வந்த கடிதத்தைப் படிக்காமல் இருப்பது முறையாகாது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

'சாப்பிட்டேன். மெசின் சாப்பிட்டதா?'