லாட்ஜ் ஆபீசில் மாமாவின் பட்டாபட்டி

வாயைத் திறக்காத பெண்ணைப் பார்த்தால் ஊர் ரெண்டு முடிவுக்குத்தான் வரும். ஒன்று, இவளுக்கு ஒன்றும் தெரியாது. இல்லையென்றால், இவளுக்குத் திமிர் ஜாஸ்தி. வெட்கம் என்று மூன்றாவதாக ஒன்று இருப்பது யாருக்கும் தோன்றாது. எனக்கு இருந்தது அந்த மூன்றாவது. அஞ்சாம் வகுப்பில் புது டீச்சர் பேரைக் கேட்டதற்குச் சிலேட்டில் எழுதிக் காட்டியவள் நான். (பேர் பேச்சியம்மாள். டீச்சர் சிரித்ததில் தப்பில்லை.)

கல்யாணமாகி எழுமலைக்கு வந்த மூன்றாம் மாதம் கொடைக்கானல் போனோம். எண்பதுகளின் தொடக்கம். புதுசாகக் கட்டிக்கொண்டவர்கள் தனியாகப் போவதெல்லாம் எங்கள் வீட்டில் அப்போது கிடையாது. மாமனார், மாமியார் சேர்த்து நாலு பேர். மகனுக்குக் கல்யாணமானால் மருமகளோடு வந்து அர்ச்சனை செய்வதாக மலைமேல் இருக்கிற முருகனிடம் அத்தைக்கு ஒரு வேண்டுதல். மறுநாள் காலையில் கோயில், மத்தியானம் பஸ் ஏறிவிட வேண்டும்.

கிளம்பும்போது அத்தை பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "வீட்டுல வச்சுப் பாத்ததுல ஒண்ணும் வெளங்கல. வெளியூருக்குக் கூட்டிட்டுப் போனாத் தெரிஞ்சுபோகும், இது சமத்தா மண்ணாந்தையான்னு."

அன்றைக்கே சமத்து என்று பேர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. அங்கேதான் வினை.

வத்தலக்குண்டு தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் எங்கள் உடம்பில் இருந்த துணியை அத்தையின் வாந்தி பார்த்துக்கொண்டது (பாரபட்சமே கிடையாது, நாலு பேர் மேலும்தான்). பஸ் கூரையில் இருந்த மாற்றுத்துணி மூட்டையைப் புளிக்குழம்பு பார்த்துக்கொண்டது. தூக்குவாளியின் மூடி எந்த வளைவில் கழன்றதோ, தெரியாது.

போய்ச் சேர்ந்தது என் வீட்டுக்காரரின் சேக்காளி ஒருவர் சொன்ன லாட்ஜ். "ஜன்னலத் தொறந்தா ஏரி, மாப்ள!" என்று அவர் சத்தியம் பண்ணாத குறை. திறந்தோம். எட்டித் தொடுகிற தூரத்தில் பாசி பிடித்த ஒரு சுவர். மாமா விடவில்லை. ஏரி எந்தப் பக்கம் என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். மாடியிலிருந்து யாரோ பாத்திரம் கழுவின தண்ணீரை அவர் தலையில் கொட்டினார்கள்.

"ஏரிதேன்டா. மேல இருந்து வருது" என்றார் மாமா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

மெத்தையில் உட்கார்ந்தால் சளக் என்றது. வெந்நீர் கேட்டால் கரண்டு வந்தால் வரும் என்றார்கள். கரண்டு எப்போது வரும் என்றால், நாளைக்காம்.

எல்லாரையும் லாட்ஜ் கம்பளிக்குள் புகச் சொல்லிவிட்டு அத்தனை துணியையும் வாரிக்கொண்டு போனேன். கோயிலுக்கு உடுத்தத் தகரப்பெட்டியில் தனியாக வைத்திருந்த என் முகூர்த்தப் பட்டு மட்டும்தான் தப்பியது, அதைக் கட்டிக்கொண்டேன். விரல் மரத்துப்போகிற தண்ணீரில் ஒன்று விடாமல் துவைத்துப் பின்பக்கக் கொடியில் காயப்போட்டேன். எழுமலை வெயிலில் உதறிப் போட்டுவிட்டுத் திரும்பினால் காய்ந்திருக்குமே, அந்த நினைப்பு. மலையில் மேகம் இறங்கி வந்து துணிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் என்று எனக்கு யார் சொன்னது? ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால், போட்டபோது இருந்ததைவிட ஈரம்.

"ஏத்தா, காஞ்சிருச்சா?" என்றார் அத்தை, கம்பளிக்குள்ளிருந்து.

"சொட்டுதுங்கத்தே."

"எதெது சொட்டுது?"

"எல்லாந்தேன்."

"எல்லாத்தையுமா நனைச்ச? ஒண்ணையாச்சும் விட்டு வச்சிருக்கக் கூடாது? முருகன் முன்னாடி கம்பளியச் சுத்திக்கிட்டா நிக்கிறது!"

"ஆண்டியாப் போனாலும் அவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றார் மாமா. அத்தை பார்த்த பார்வையில் தலையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.

மண்ணாந்தை என்று முடிவாகிவிட்டது என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஆபீசுல அந்த மேனேஜரு காலடியில நெருப்புக் கணப்பு வச்சுக்கிட்டுக் குளிர் காயுறான். கேட்டுப் பாரு. துணின்னு உடுத்தியிருக்கிறது நீதேன்."

துணி மூட்டையையும், பெட்டி கட்டி வந்த கயிற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நடை முழுக்க ஒரே வாக்கியத்தை மனப்பாடம் பண்ணினேன். 'அண்ணே, கணப்புப் பக்கத்துல இதக் கொஞ்சம் காயப்போட்டுக்கிறவாண்ணே?' ஆபீஸ் வாசலில் மேனேஜரின் மீசையைப் பார்த்தேன். துணி காயவில்லை, என் நாக்கு காய்ந்துவிட்டது.

வெட்கம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, ஏதாவது வேலை செய்தாக வேண்டும். கை அதுபாட்டுக்குக் கயிற்றைச் சாவி மாட்டும் ஆணியில் ஒரு முனையும் சாமி பட ஆணியில் ஒரு முனையுமாகக் கட்டியது.

"யாரும்மா நீ? இது ஆபீசு!"

வேட்டியைப் போட்டேன்.

"ஏம்மா, காது கேக்குதா இல்லையா?"

கேட்டது. பதில்தான் வரவில்லை. அத்தையின் ரவிக்கையைப் போட்டேன். மாமாவின் பட்டாபட்டி டிரவுசரை உதறிப் போட்டேன். நீலக்கோடு போட்டது, நாலு பேர் நுழையலாம். அது மேனேஜர் தலைக்கு நேர் மேலே தொங்கி, அவர் திறந்து வைத்திருந்த பேப்பரில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது.

"பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எம்புட்டுத் திமிரா நிக்குது பாரு! வாயத் தொறந்து பதில் சொல்லுதா?"

நான் குனிந்த தலை நிமிரவில்லை. அது திமிர் இல்லை, அந்த மூன்றாவது என்று எனக்குத்தானே தெரியும்.

அப்போது வெளியே கார் ஹாரன் சத்தம். மேனேஜர் துள்ளி எழுந்தார். எழுந்தவர் முகம் நேராகப் பட்டாபட்டிக்குள் போய் வந்தது.

"ஐயையோ, பார்ட்டி வருது! ஆத்தா, எடுத்துரு ஆத்தா! ஏன் இப்படி மானத்த வாங்குற? ரூமு பிடிக்கலையா? அதுக்குத்தானா இம்புட்டும்? இந்தா, முன்பக்க ரூம் சாவி. அங்க கணப்படுப்பு இருக்கு, வெறகு இருக்கு. அள்ளிக்கிட்டுப் போ தாயி!"

சாவியை என் கையில் திணித்தார். (கார் யாரோ வழியில் போனவர்களுடையது. நிற்கக்கூட இல்லை.)

கம்பளி போர்த்திய மூன்று பேரும் நடையில் ஊர்வலம் வந்தார்கள். மாமா ராஜா மாதிரி முன்னால். புது ரூமில் சுவருக்குள் வைத்துக் கட்டிய அடுப்பு. ஜன்னலைத் திறந்தால், நிஜமாகவே ஏரி! மாமா அரை மணி நேரம் அங்கேயே நின்றார். இந்தத் தடவை தலையை மட்டும் வெளியே நீட்டவில்லை.

காலையில் துணியெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. புகை வாடையோடு முருகன் முன்னால் நின்றோம். ஊர் திரும்பியதும் அத்தை பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வாயவே தொறக்கலடி. ஏரி தெரியிற ரூம வாங்கிட்டா எம் மருமக!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரேஷன் கடையோ, ரிப்பேர்க் கடையோ, எவர் இழுத்தடித்தாலும் ஒரே பேச்சுதான்: "பட்டாபட்டிய நனைக்கவா?"

போன வருஷம் வாடிப்பட்டியில் பேத்தி கல்யாணம். மண்டபத்தில் பொண்ணு வீட்டுக்குக் கொடுத்த அறையில் காத்தாடி ஓடவில்லை. என் மகன் கத்திப் பார்த்தான், மாப்பிள்ளை வீட்டார் சொல்லிப் பார்த்தார்கள், மண்டப மேனேஜர் அசையவில்லை. என் வீட்டுக்காரர் பல் இல்லாத வாயால் என் காதில், "நனைக்கவா?" என்றார்.

நான் பட்டுச்சேலையோடு போய் மேனேஜர் மேஜைக்கு முன்னால் நின்றேன். ரெண்டு வார்த்தை கேட்கத்தான் போனேன். வரவில்லை. குனிந்தபடி நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஏசி ரூம் சாவியை மேஜைமேல் வைத்தார்.

பாவம், இன்னமும் எனக்கு வெட்கம்தான் என்று அவருக்கு யார் சொல்வது?